கோட்டிங் ரூமில் ஒரு பிடி உப்பு

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஏழுமலை அண்ணன் கம்பெனி கேட்டைத் தாண்டி நடந்து போனது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கையில் தூக்குச்சட்டி. தோளில் ஒரு மஞ்சள் பை. அந்தப் பைக்குள் அவருடைய மாற்றுச் சட்டையும், வருடக்கணக்காக டீ குடித்த எவர்சில்வர் டம்ளரும் இருந்தன.

வாட்ச்மேனுக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டு, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடந்தார்.

நான் கோட்டிங் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனதில் அப்போது வந்தது ஒரே எண்ணம்தான். 'பாவம் மனுஷன், இவருக்கும் கண்ணு பட்டிருக்கு. செவ்வாய்க்கிழமை இவர் பேரையும் சேத்துச் சுத்திப் போடணும்.'

அடி அஞ்சலை, உன் புத்தியில் இடி விழ! இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

போன வாரம் நான் இங்கே எழுதிய என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு, எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கும் மேரி போன் செய்தாள். "இன்னாடி, ஊரு கதையெல்லாம் எழுதிக்கினு கீற, என்னப்பத்தி எப்ப எழுதுவ?" என்று கேட்டாள். இந்த வாரம்தான் மேரி. உன் மீன்குழம்போடு வருகிறாய், பொறு.

ஆட்டோக்காரர் அறிந்த பெயர்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டயோடு கம்பெனிக்குப் போகணும் என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர் முழிப்பார். "மல்லாட்டை கம்பெனி" என்று சொல்லுங்கள். "ஏறு" என்பார்.

வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். மரக்காணம் ரோட்டில் கம்பெனி இருக்கும் இடம் ஒரு காலத்தில் எண்ணெய் மில். மில்காரரின் மகன் படித்துவிட்டு வந்து, மில்லை மூடிவிட்டு டயோடு செய்யப் போகிறேன் என்றாராம். "அதை வறுத்துத் தின்ன முடியுமா?" என்று அப்பா கேட்டாராம். அந்த மகன்தான் எங்கள் முதலாளி. இந்தக் கதையை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்போம்.

செக்கு இருந்த இடத்தில்தான் முதல் ஃபர்னஸ் வைத்தார்கள். சுவரில் ஊறிய எண்ணெயைக் கழுவியே ஒரு மாதம் போனதாம். ஆனாலும் முழுசாகப் போகவில்லை. இன்றைக்கும் நல்ல மழை பெய்தால் ஸ்டோர் ரூம் பக்கம் லேசாகப் பிண்ணாக்கு வாசனை வரும். எனக்கு அந்த வாசனை வந்தால் பசிக்கும்.

முதலில் செய்தது கண்ணாடி டயோடு. அரிசியைவிடச் சின்னது, இரண்டு பக்கமும் கம்பி வால். ரேடியோவுக்குள் போகும். அப்புறம் கறுப்பு உடம்பும் ஒரு ஓரத்தில் வெள்ளிக் கோடும் போட்ட ரெக்டிஃபயர் வந்தது. அது டிவிக்கும் பேட்டரி எலிமினேட்டருக்கும் போனது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எமர்ஜென்சி லைட் காலம். ஊரே கரண்ட் கட்டைத் திட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மட்டும் ஜெனரேட்டர் சத்தத்தில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தோம். கரண்ட் போகப் போக எமர்ஜென்சி லைட் விற்கும், லைட் விற்க விற்க எங்கள் டயோடு விற்கும். என் வீட்டுக்காரர் ஒரு பழைய லைட்டைப் பிரித்துப் போட்டு, "இதுல எதும்மா நீ செஞ்சது? கையெழுத்து கிழுத்து போட்டுக்கிறியா?" என்று கிண்டல் செய்வார். நான் வெள்ளிக் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டுவேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

பிறகு நாலு டயோடை ஒரே டப்பாவில் அடைத்த பிரிட்ஜ் வந்தது. நாலு பேர் ஒரே ரூமில் வாடகைக்கு இருப்பது மாதிரி. எல்.இ.டி. பல்புக்கு அதுதான் போகும். ஆனால் அதற்குள் வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்க ஆரம்பித்தது. கண்ணாடி டயோடை நிறுத்தினார்கள். அந்த மெஷின் இன்னும் ஒரு மூலையில் பிளாஸ்டிக் உறைக்குள் நிற்கிறது. போகும்போது வரும்போது நான் அதைத் தட்டிவிட்டுப் போவேன்.

கடைசியாக வந்ததுதான் சோலார் டயோடு. சோலார் பேனலின் முதுகில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் உட்காரும். இருபது வருடத்துக்கும் மேல் வெயிலில் வேகணும், கெட்டுப் போகக்கூடாது. ஒரு கம்பெனி எங்களிடம் அதைச் சாம்பிள் கேட்டது. சரியாக வந்தால் கோட்டிங் ரூம் பிழைக்கும். அந்தச் சாம்பிளில்தான் நான் சொல்லப்போகும் கூத்து நடந்தது.

உப்பு எடுக்கும் அண்ணன்

என் பிறந்த வீடு மரக்காணம். அப்பா, அம்மா இரண்டு பேரும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். டயோடு என்றால் என்ன என்று முதல் நாள் பத்மா மேடம் விளக்கியபோது எனக்கு உப்பளத்து மதகுதான் ஞாபகம் வந்தது. தண்ணீரை உள்ளே விடும், திரும்ப வெளியே விடாது. டயோடும் அப்படித்தான். கரண்டை ஒரு பக்கமாக விடும், மறுபக்கம் விடாது. மறுபக்கம் கசிந்தால் அது லீக்கேஜ். லீக்கேஜ் வந்த டயோடு குப்பைக்குத்தான்.

பத்மா மேடம் எங்கள் குவாலிட்டி மேனேஜர். அதட்டிப் பேசமாட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார். அதற்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக வேலை செய்தோம்.

டயோடின் வயிற்றில் இருக்கும் சிலிக்கன் சில்லு கடுகு மாதிரி சின்னது. அதை ஆசிடில் கழுவி, சுத்தத் தண்ணீரில் அலசி, அடுப்பில் உலர்த்தி எங்கள் ரூமுக்கு அனுப்புவார்கள். அப்போது அதன் விளிம்பு அம்மணமாக இருக்கும். அதன்மேல் ஒரு சொட்டுப் பிசின் விட்டு மூடுவதுதான் எங்கள் வேலை. மூடுகிறவரை தூசி, வியர்வை எதுவும் படக்கூடாது. தலையில் பூ கூடாது, முகத்தில் பவுடர் கூடாது. விரலுக்கு ரப்பர் உறை.

அந்தச் சுத்தத் தண்ணீரைச் செய்கிறவர்தான் ஏழுமலை அண்ணன். எங்கள் போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அதை, உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் நிரம்பிய உருளைகளில் விட்டு விட்டு, உப்பைத் துளிகூட மிச்சமில்லாமல் எடுப்பார். தொட்டி ஓரத்தில் மிச்ச உப்பைக் காட்டும் ஒரு மீட்டர் இருக்கும். முள் கொஞ்சம் அசைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"உங்க அப்பாரு கடல்லேர்ந்து உப்ப எடுத்தாரு, நான் தண்ணிலேர்ந்து உப்ப எடுக்கறேன். நம்ம ரெண்டு குடும்பமும் ஒரே தொழிலுதான் அஞ்சல" என்பார்.

கண்டமங்கலத்திலிருந்து வருவார். இரண்டு பஸ் மாறி, ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே வந்து நிற்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் என்னை விசாரிப்பது போலக் கூடப் பிறந்த அண்ணன்கூட விசாரித்ததில்லை.

கண்ணு பட்டது

சோலார் கம்பெனிக்காரர்கள் கோட்டிங் ரூமைப் பார்க்க வந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று, "இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்களே!" என்று வாய் விட்டுப் புகழ்ந்தார்கள். நான்தான் அப்போது ரூமுக்கு லீடர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாளே சரக்கு பெயில். லீக்கேஜ்!

காரணம் சாதாரணமானது. ரெசின் தீர்ந்திருந்தது. ஏழுமலை அண்ணன் அதை ஒரு நாள் தாமதமாக மாற்றினார். அவர் பெண்ணுக்குப் பிரசவ நேரம், மனுஷன் ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் அலைந்துகொண்டிருந்தார். "என் தப்புதான் மேடம்" என்று அவரே போய்ச் சொன்னார். ரெசினை மாற்றினார். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் நான் விட்டால்தானே! வந்தவர்கள் அப்படிப் புகழ்ந்துவிட்டுப் போனார்களே, கண்ணு படாமல் இருக்குமா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பெண் நான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை. மற்றவர்கள் வருவதற்கு முன்னால், கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் சொருகி வந்த கல் உப்பை எடுத்தேன். சாதாரண உப்பா? மரக்காணத்து உப்பு, அம்மா கொடுத்தனுப்பியது. கோட்டிங்குக்காகத் தட்டுகளில் காத்திருந்த டயோடுகளுக்கு மேலே, வலப்பக்கம் மூன்று சுற்று, இடப்பக்கம் மூன்று சுற்று. 'ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, சோலார்காரன் கண்ணு, எல்லாம் இந்த உப்பு மாதிரி கரைஞ்சு போகட்டும்.' ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வெளியே ஊற்றினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு ரப்பர் உறையை மாட்டிக்கொண்டேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் சரக்கு பெயில்.

'அடேயப்பா, எம்மாம் பெரிய கண்ணு!' என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை உப்பைக் கொஞ்சம் கூட எடுத்துப்போனேன். மறுபடியும் பெயில். அடுத்த செவ்வாய் கை நிறைய எடுத்தேன். சுத்தச் சுத்த லீக்கேஜ் ஏறியது. லீக்கேஜ் ஏற ஏற நானும் உப்பை ஏற்றினேன். நடுநடுவே பாஸ் ஆகும், அப்பாடா என்பதற்குள் மறுபடி பெயில். இப்படியே மூன்று வாரம்.

பழி முழுக்க ஏழுமலை அண்ணன் தலையில் விழுந்தது. ஒரு தடவை தவறினவர் ஆயிற்றே. பாவம், அவரும் ரெசினை மாற்றினார், குழாயைக் கழற்றிக் கழுவினார், தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தார். மீட்டர் சரியாகத்தான் காட்டியது. "மீட்டரே பொய் சொல்லுதோ இன்னாவோ, பெரிய பேஜாராகீதும்மா" என்று என்னிடம் புலம்பினார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"கவலப்படாதீங்கண்ணா, சரியாப் பூடும்" என்றேன் நான். இடுப்பில் உப்பு முடிச்சை வைத்துக்கொண்டு சொன்னேன்!

அந்த வெள்ளிக்கிழமையும் பெயில் ஆனது. சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து கேனில் சுத்தத் தண்ணீர் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

மேரியின் மீன்குழம்பு

திங்கட்கிழமை, கேன் தண்ணீரில் கழுவிய முதல் சரக்கு பாஸ். எல்லோரும் கை தட்டினார்கள். தண்ணீர்தான் கோளாறு, ஆள் போனதும் சரியாகிவிட்டது என்று பேச்சு. எனக்குக் கை தட்ட மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் நான் நினைத்தபடியே, ஏழுமலை அண்ணன் பேரையும் சேர்த்துச் சுத்திப் போட்டேன். அன்று சாயங்காலம் பெயில். அதுவரை வந்த லீக்கேஜிலேயே பெரிய லீக்கேஜ்.

பத்மா மேடம் டெஸ்டிங் மேசைக்கு வந்து நின்றார். பேனாவைக் கீழே வைத்தார். "தண்ணியும் வேற, ஆளும் இல்ல. அப்ப தண்ணி இல்ல. பின்ன எது?" என்றார்.

மேரிதான் தலையைச் சொறிந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"மேடம், நான் ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. நான் என்னிக்கெல்லாம் மீன்கொழம்பத் தனியாத் துன்றனோ, அன்னிக்கெல்லாம் பெயிலு."

"என்ன மேரி உளர்ற?"

"நெஜமா மேடம். நம்ம பொண்ணுங்க செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி தொடமாட்டாளுங்க. மத்த நாள்ல என் டப்பாவ வழிச்சி நக்கிடுவாளுங்க. அந்த ரெண்டு நாளுதான் நான் ஒத்தையா குந்திகினு துன்றேன். துன்னுட்டு வந்து டெஸ்ட் போட்டா லீக்கேஜு. மூணு வாரமாப் பாத்துக்கினு கீறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. ரிஜிஸ்டரை இழுத்துப் புரட்டினார். செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி. விரல் நகர்ந்துகொண்டே போனது.

"மெஷினுக்கு எப்படி செவ்வாய் வெள்ளி தெரியும்?" என்றார்.

மெஷினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்! போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்றுதானே அதை எடுக்க ஒரு ஆளையே வைத்திருக்கிறார்கள்? அந்த ஆள் சொட்டுச் சொட்டாக எடுத்த உப்பை, நான் கைப்பிடி கைப்பிடியாகக் கொண்டுவந்து அதே சில்லின் தலையில் சுற்றிச் சுற்றி உதிர்த்திருக்கிறேன். இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு இது உறைக்கவே இல்லை. வீட்டு உப்பு வேறு, மீட்டர் காட்டும் உப்பு வேறு என்று என் புத்தி எப்படித்தான் பிரித்து வைத்திருந்ததோ.

சொல்லாமல் விட்டிருக்கலாம். சுத்திப் போடுவதை நிறுத்தினால் லீக்கேஜ் தானாக நின்றிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன், பொய் சொல்வானேன். அப்புறம் அந்த மஞ்சள் பை ஞாபகம் வந்தது.

இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் அவிழ்த்து வைத்தேன். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"நான்தான் மேடம்."

மேடம் என்னையும் உப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நல்ல டயோடு பத்து எடுத்துவரச் சொன்னார், கோட்டிங் ஆகாதது. கைக்குட்டையை அதன்மேல் ஒரு உதறு உதறினார். கோட்டிங் போட்டு, காயவைத்து, மேரி டெஸ்ட் செய்தாள். பத்தும் பெயில். மேரி என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றின் லீக்கேஜையும் படித்துச் சொன்னாள்.

"வேலைய விட்டுப் போயிடறேன் மேடம். அவர மட்டும் கூப்டுக்கோங்க" என்றேன்.

"அவர அனுப்பினது நான். அதுக்கு நான் வருத்தம் சொல்லிக்கறேன். நீ சொல்ல வேண்டியத நீ சொல்லு. போன்ல சொல்லாத, நேர்ல போ" என்றார்.

கண்டமங்கலம் பஸ்

புதன்கிழமை லீவு போட்டு விழுப்புரம் போய், அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினேன். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்டமங்கலம் வந்ததும் இறங்காமல் பாண்டிச்சேரிக்கே போய்விடலாமா என்றுகூட இருந்தது.

வீட்டு வாசலில் அண்ணி மட்டும் இருந்தார். அண்ணன் உள்ளே படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது, நான் பேசுவது அவருக்குக் கேட்கும். நான் முழுசாகச் சொல்லி முடித்தேன். அண்ணி என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, நாலு நாளா அந்த மனுஷன் சோறு துன்னல. பேரப்புள்ளயத் தூக்கல. 'தண்ணிய கெடுத்துட்டேனே, தண்ணிய கெடுத்துட்டேனே'ன்னு சொல்லிக்கினே கீறாரு. நீ இன்னாடான்னா உப்பு சுத்தனேன்னு வந்து நிக்கற!"

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"பாண்டில ஒரு கம்பெனில வரச்சொல்லிக்கிறாங்க. இனிமே அங்கதான் போவாரு. உங்க திண்டிவனமே வாணாம்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கோபம் வேறு, வந்தவளுக்குத் தண்ணீர் வேறு. நான் குடித்தேன்.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வரவேயில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஏறினேன்.

தொட்டி ஓரம்

வியாழக்கிழமை ஐந்தரைக்கே கம்பெனிக்குப் போனேன். வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். பேப்பர்கூடப் பையில் இருந்தது.

தண்ணீர் ரூமில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஆணியில் மஞ்சள் பை தொங்கியது. ஜன்னலில் எவர்சில்வர் டம்ளர். ஏழுமலை அண்ணன் தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ராத்திரி மேடமே வூட்டாண்ட வந்து கூப்ட்டாங்க. கேன் தண்ணில கழுவிக்கினு இத ஓட்டாமயே வுட்டுக்கிறாங்க பாரு, குழாயெல்லாம் பாழு" என்றார், என்னைப் பார்க்காமலே. "மீட்டரு சரியாத்தான் சொல்லிக்கீது அஞ்சல. நான்தான் அத நம்பல."

"அண்ணா..."

"எம்பேரச் சொல்லியும் சுத்தனியாமே?"

"ஆமாண்ணா."

"எத்தினி சுத்து?"

"மூணு... மூணு அந்தப் பக்கம், மூணு இந்தப் பக்கம்."

அவர் தலையை ஆட்டினார். வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.

அவர் பதறிப்போய் மூடியை இழுத்தார்.

"ஏய், ஏய், தொட்டி தெறந்துகீது! ஜல்தியா அந்தாண்ட தள்ளு. கண்ணுத் தண்ணிலயும் உப்புதாம்மா."

நான் இரண்டடி தள்ளி நின்று அழுதேன்.